எச்சில் முத்தம்

காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தாய்மார் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக நீட்ட, சுகிர்தா கீழே நின்று வாங்கிக்கொள்வாள். ஒன்று இடுப்பில், ஒன்று தோளில், நடக்கத் தெரிந்தது சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால். சிவகாசிக்கு மேற்கே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் நாலரை வருஷம் அவள் அப்படித்தான் பிள்ளைகளை வாங்கினாள். வாசல் பலகையில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது பால்வாடிதான். அவள் பால்வாடி டீச்சர்.

வெடிமருந்து கலக்கும் அறைகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேலி ஓரமாக ஒரு நீளமான ஹால். உரசினால் பொறி பறக்கும் நைலான் துணி கம்பெனிக்குள் வரக்கூடாது என்பதால் தொட்டிலெல்லாம் பழைய பருத்திச் சேலைகள். பாலம்மாள் என்று ஓர் ஆயா இருந்தாள். அவள் சத்துமாவு காய்ச்சும்போது வரும் மணத்துக்கே தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். மத்தியானம் சாப்பாடு முடிந்து அத்தனை பிள்ளைகளும் வரிசையாகப் படுத்துத் தூங்கும்போது ஹாலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே தினமும் வேலைக்குப் போகலாம் என்று சுகிர்தாவுக்குத் தோன்றும்.

பத்தரைக்கும் ஒரு மணிக்கும் பால் கொடுக்கிற தாய்மார் வருவார்கள். அலுமினியத் தூள் படிந்து கையெல்லாம் வெள்ளிபோல மின்னும். வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும் என்பது சுகிர்தா வைத்த சட்டம்.

"கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட இம்புட்டுக் கழுவ மாட்டோம் டீச்சர்" என்பாள் கருப்பம்மாள்.

"கழுவுங்கக்கா. பிள்ளை வாய்க்குள்ள மருந்து போயிரக் கூடாதுல்ல."

தாயின் கையிலிருந்து பிள்ளைக்கு எதுவும் போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்த டீச்சர், பிள்ளைகளின் வாயைத் துடைத்த கையோடு தானும் சாப்பிட்டாள். ஈரத் துணி மாற்றிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர்கள் மிச்சம் வைத்த கஞ்சியை அதே டம்ளரில் குடித்து முடித்தாள். அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் தெரியாது. பிள்ளைகளோடு பழகுவது என்றால் அப்படித்தான்.

கருப்பம்மாளின் மகன் தருண்குமார் பத்து மாதத்தில் பால்வாடிக்கு வந்தவன். ஒன்றரை வயதில் அவனுக்கு ஒரு பழக்கம் பிடித்தது. தட்டில் வைத்த சோற்றில் முதல் கவளத்தைச் சுகிர்தாவின் வாயில் வைத்தால்தான் தான் சாப்பிடுவான். பாதி சப்பிய பிஸ்கட்டைக் கொண்டுவந்து "ஆ" என்பான். தூங்கி எழுந்ததும் அவள் மடியில் ஏறி, வாயைத் திறந்தபடி கன்னத்தில் முத்தம் வைப்பான். கன்னம் முழுக்க எச்சிலாகிவிடும். அவள் துடைக்கமாட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மாமியார் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஈரக் கன்னம்தான் மருந்தாக இருந்தது.

2016 கடைசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. கணவன் சபரிநாதன் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின்மேன். டிசம்பர் மாதம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத சீசன். சேதி கேட்ட அன்று இரவல் வண்டியில் பிரஸ்ஸிலிருந்து ஓடிவந்து, மை படிந்த கையோடு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான். மாசியில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் சின்னதாக நெறி கட்டியது. உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருந்தது. மசக்கை அசதி என்றார்கள். காய்ச்சல் தானாகப் போய்விட்டது. அவளும் அதை மறந்து மறுபடி வேலைக்குப் போனாள்.

ஆவணியில் விருதுநகர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி நல்ல பிள்ளை. சபரியின் அப்பாயி பெயரையே வைத்து அழகுமீனா என்றார்கள். மூன்றாம் நாள் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் காதில் ஒரு சின்னக் குழாயை வைத்துக் கேட்கிறதா என்று பார்த்தார்கள். மீனாவுக்கு இரண்டு காதும் கேட்கிறது என்று மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. காதில் அழுக்கு இருக்கலாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார்கள்.

அந்தப் பத்து நாளில் தெருக்கோயிலில் கொடைத் திருவிழாவுக்குச் சரவெடி வைத்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. தொட்டிலில் பிள்ளை அசையாமல் தூங்கியது. மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "சிவகாசிக்காரி பாத்தியா! வேட்டுக்குப் பயப்படுவாளா எம் பேத்தி?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சுகிர்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொட்டிலைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

இரண்டாவது தடவையும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் டாக்டர் ஹாதியா அப்போதுதான் அங்கே புதிதாக வந்திருந்தாள். விருதுநகரில் மல்லி, மிளகாய் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். தலையை மூடிய துப்பட்டாவும் வெள்ளைக் கோட்டும். பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். மாசிக் காய்ச்சலைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையோட மூத்திரம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்மா. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளக் கூடாது. பிறந்து மூணு வாரத்துக்குள்ள எடுத்தாத்தான் இது வயித்துக்குள்ளயே வந்ததா, வெளியே வந்த பிறகு ஒட்டினதான்னு தெரியும்."

பதின்மூன்று நாள் பிள்ளையிடம் மூத்திரம் எடுப்பது லேசான காரியம் இல்லை. சின்னப் பையை ஒட்டிவிட்டு, சபரியும் அவளும் இரண்டரை மணி நேரம் பிள்ளையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பை நிறைந்ததும் சபரி "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவர்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான். மதுரைக்கு அனுப்பிய டெஸ்டின் முடிவு பிள்ளை பிறந்த பதினேழாம் நாள் வந்தது.

"சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமா சி.எம்.வி.ன்னு சொல்லுவோம்" என்றாள் ஹாதியா. "முக்கால்வாசிப் பேருக்கு மேல உடம்புல இது இருக்கும்மா. என் உடம்புலயும் இருக்கலாம். நல்லா இருக்கிறவங்களுக்கு ஒரு சளிக்காய்ச்சல் மாதிரி வந்துட்டு உள்ளயே படுத்துக்கும். கிட்னி மாத்தினவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க, வயித்துல இருக்கிற பிள்ளை, இவங்களைத்தான் படுத்தும். மீனாவுக்குக் காதைத் தொட்டிருக்கு. மூளையை ஸ்கேன்ல பார்த்தாச்சு, பெருசா ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும் நல்லது."

"இது எங்கிட்ட எப்படி வந்துச்சு டாக்டர்?"

"சின்னப் பிள்ளைங்க எச்சில்ல, மூத்திரத்துல நிறைய இருக்கும்..."

ஹாதியா அதற்கு மேலும் பேசிக்கொண்டிருந்தாள். சுகிர்தாவின் காதில் எதுவும் ஏறவில்லை. கன்னத்தில் ஓர் ஈர வாய் வந்து பட்டது போலிருந்தது. கையை எடுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள்.

ஆறு மாதம் மருந்து. காலையும் மாலையும் அளந்து கொடுக்க வேண்டிய சிரப். மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை அணுக்கள் ரொம்ப இறங்கிப்போய், பத்து நாள் மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடும்போது பிள்ளை அழுவாள். அவள் அழுகை மட்டும் ஊருக்கே கேட்கும்.

பிள்ளைக்கு இரண்டு மாதமாகியிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனியில் வேலை குறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பம்மாள் பார்க்க வந்தாள். இடுப்பில் தருண். கையில் காராச்சேவுப் பொட்டலமும் மஞ்சள் நிறத்தில் ஒரு கவுனும்.

"எப்படி இருக்கீக டீச்சர்? ரெண்டு மாசமா இவன் உங்களக் கேட்டு ஒரே அழுக. வேன்ல இருந்து இறங்க மாட்டேங்கான்."

தருண் அதற்குள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்தான். டீச்சரின் மடியைப் பிடித்தான். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. குனிந்து, வாயைத் திறந்து, அவன் முத்தம் வைக்கப் போனான்.

சுகிர்தா அவனைத் தள்ளிவிட்டாள். அவன் பின்பக்கமாக விழுந்தான்.

"தூக்கிட்டுப் போங்கக்கா இவன! இவன் எச்சிதான் எம் பிள்ளை காதைத் தின்னுருச்சு. இங்கன வராதீக. இனிமே வராதீக!"

கருப்பம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே கிடந்து கதறும் மகனைத் தூக்கிக்கொண்டாள். டீச்சரையும் மடியில் கிடந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். கொண்டுவந்ததைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாமியார் காராச்சேவை எடுத்து வைத்தார். கவுனைச் சுகிர்தா திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள். பால்வாடிக்கு அவள் திரும்பப் போகவே இல்லை. கருப்பம்மாளும் மறு வருஷம் அந்தக் கம்பெனியை விட்டுப் போனதாகப் பாலம்மாள் ஒருமுறை கடைவீதியில் பார்த்தபோது சொன்னாள்.

அதன்பின் வருஷங்கள் மீனாவின் காதைச் சுற்றியே ஓடின. முதலில் இரண்டு காதிலும் கேட்கும் மெஷின் மாட்டினார்கள். ஒன்றரை வயதில், கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சமும் குறைந்தது. இரண்டேகால் வயதில் மதுரையில், அரசு காப்பீட்டில், காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கருவியை முடுக்கிவிட்டபோது பிள்ளை சிரிப்பாள் என்று சபரி போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றான். மீனா பயந்து அலறி, காதுக்குப் பின்னால் இருந்ததைப் பிய்த்து மேஜைக்கு அடியில் எறிந்தாள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போக ஆரம்பித்த சமயம் ஊரடங்கு வந்தது. போனில் டீச்சர் ஒரு பக்கம் "பா, பா" என்பார். இந்தப் பக்கம் சுகிர்தா மீனாவின் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு "பா, பா" என்பாள். நாலு மாதம் கழித்து ஒரு நாள் சபரி அடுப்படியில் தட்டுமூடியைக் கீழே போட்டான். முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். சபரி மறுபடி போட்டான். மறுபடி திரும்பினாள். அன்று மாலை வரை அந்த வீட்டில் தட்டுமூடி விழுந்துகொண்டே இருந்தது.

இப்போது மீனாவுக்கு எட்டாகப் போகிறது. மூன்றாம் வகுப்பு. சில எழுத்து இன்னும் நாக்கில் சரியாக வராது. வாய் மட்டும் ஓயாது.

போன வைகாசியில் ஹாதியா போன் செய்தாள். இந்த ஏழெட்டு வருஷத்தில் இருவரும் நல்ல பழக்கமாகியிருந்தார்கள். "இங்க ஒரு அம்மா இருக்காங்க சுகிர்தா. உங்க மீனாவுக்கு வந்த அதே விஷயம். நான் சொன்னா பயப்படுறாங்க. நீங்க ஒருதடவை மீனாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

அந்தத் தாயின் பெயர் பீவி ஜான். இருபத்து மூன்று வயது, முதல் பிரசவம். மடியில் பதினெட்டு நாள் ஆண்பிள்ளை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மீனா நேரே போய்ப் பிள்ளையின் விரலைப் பிடித்தாள்.

"பாப்பா பேரு என்ன?"

"ஹாமித்" என்றாள் பீவி ஜான். அவள் கண் மீனாவின் காதுக்குப் பின்னால் இருந்த வட்டக் கருவியில் நின்றது. "இது என்னம்மா?"

"இது எம் மெஷினு. கழட்டுனா அம்மா திட்டுறது கேக்காது" என்றாள் மீனா. பீவி ஜான் சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு ஹாதியாவிடம் திரும்பிக் கேட்டாள்.

"நான் எந்தப் பிள்ளையையும் தூக்கினதுகூட இல்லையே டாக்டர். எங்க வீட்டுல சின்னப் பிள்ளையே கிடையாது. எனக்கு எப்படி வந்துச்சு?"

"சின்னப் பிள்ளைங்க எச்சில்ல, மூத்திரத்துல நிறைய இருக்கும். ஆனா அங்க இருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது" என்றாள் ஹாதியா. பலமுறை சொல்லிப் பழகிய நிதானம் குரலில் இருந்தது. "நம்ம ஊர்ல பெரும்பாலான பொம்பளைங்களுக்குச் சின்ன வயசுலயே இது வந்து, உடம்புக்குள்ள படுத்துக் கிடக்கும். கர்ப்பத்துல அது முழிச்சுக்கலாம். வீட்டுக்காரர்கிட்ட இருந்து வரலாம். எப்பவோ ஒரே டம்ளர்ல குடிச்சவங்ககிட்ட இருந்துகூட வரலாம். யாருன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. யாரையும் குத்தம் சொல்லாதீங்க, உங்களையும் சேர்த்துத்தான்."

சுகிர்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். பீவி ஜான் வெளியே போன பிறகு கேட்டாள்: "டாக்டர், அன்னைக்கு எங்கிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?"

"இதேதான் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதானே. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் சுகிர்தா.

திரும்பும் பஸ்ஸில் மீனா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். சுகிர்தா எட்டு வருஷமாகத் தன்னை நினைக்க விடாமல் வைத்திருந்த ஹாலை நினைத்தாள். பருத்திச் சேலைத் தொட்டில்கள், மத்தியான மூச்சு, கஞ்சி மணம், "ஆ" என்று நீளும் பாதி பிஸ்கட். எத்தனை நல்ல நாட்கள். அத்தனையையும் அசிங்கம் என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருந்தாள். தானாகக் கண்ணீர் இறங்கியது.

பாலம்மாளிடம் விசாரித்து, அடுத்த ஞாயிறு சாத்தூருக்குப் போனாள். கருப்பம்மாள் அங்கே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வீட்டு வாசலில் கல்லில் பள்ளிக்கூடச் சட்டை துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முடி முன்னால் நரைத்திருந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள். கையை உதறிக்கொண்டு எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "சாப்பிட்டீகளா?"

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"அது எதுக்கு இப்ப."

"இல்லக்கா, சொல்லணும்." சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும், தான் அதைப் பாதியோடு நிறுத்திக்கொண்டதையும். "எங்கிட்டயே சின்ன வயசுல இருந்து இருந்துருக்கலாமாம். யாரையும் கை காட்ட முடியாதாம். பச்சப் பிள்ளை மேல பழியப் போட்டுட்டேங்க்கா."

கருப்பம்மாள் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"என் தங்கச்சிக்குப் பிள்ள பிறந்தப்ப இவனுக்கு நாலு வயசு" என்றாள். "ஆறு மாசம் அந்த வீட்டுப் பக்கம் விடல. பாப்பாவ ஏன் தொடக் கூடாதுன்னு அழுவான். உன் வாயில நோய் இருக்குடான்னு நான்தான் சொன்னேன். நீங்க சொல்லல டீச்சர். பெத்த நான் சொன்னேன். இன்னைய வரைக்கும் ஒரு சின்னப் பிள்ளையக் கிட்ட வச்சுக்க மாட்டான். பந்து எடுக்கச் சின்னப் பிள்ளைக ஓடிவந்தாக்கூட ஒதுங்கி நிப்பான்."

கருப்பம்மாள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது. அவங்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கருப்பம்மாள் தெருப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ஏலே தருணு, இங்கன வாலே!"

பத்து வயதுப் பையன் மட்டையோடு வந்து நின்றான். வேர்த்த முகம். அவனுக்கு டீச்சரைத் தெரியவில்லை. சுகிர்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குட்டிப் பிள்ளையா இருக்கும்போது நான்தான் உனக்குச் சோறு ஊட்டுவேன். நீயும் எனக்கு ஊட்டுவ. ஒரு நாள் உம்மேல கோவப்பட்டு, உன்னால எம் பிள்ளைக்கு நோய் வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். அது தப்பு தருணு. உன்னால வரல. டாக்டரே சொல்லிட்டாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப என் வாயில ஒண்ணும் இல்லையா?" என்றான்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதான்யா உனக்கும் இருக்கு. உனக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல."

"சரி" என்றான். கையை விடுவித்துக்கொண்டு ஆட்டத்துக்கு ஓடினான். கருப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு காப்பியோடு வந்தாள்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவள் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு எப்படியோ பழைய ஹாலுக்குப் போயிற்று. தொட்டிலை விட்டு இறங்காமல் இரண்டு வயது வரை அதிலேயே குடியிருந்த ஒரு பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பாம். பாலம்மாளின் சுருக்குப்பைக்குள் வெல்லம் இருக்கும் என்று தெரிந்து அவள் மடியைக் கடித்த ஒருத்தி கபடியில் மாவட்டம் வரை போயிருக்கிறாளாம். யார் யார் எங்கே என்று கருப்பம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் சுகிர்தாவின் கையில் ஒரு பிள்ளையின் எடை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

"நீங்க போன பிறகு ரெண்டு டீச்சர் வந்தாக" என்றாள் கருப்பம்மாள். "கை கழுவச் சொல்ல ஆளில்ல. நாங்களாத்தான் கழுவுனோம்."

விளக்கு வைத்த பிறகுதான் சுகிர்தா எழுந்தாள். பஸ் நிறுத்தம் வரை கருப்பம்மாள் கூட வந்தாள்.

"அடுத்த வாட்டி மீனாவக் கூட்டிட்டு வாங்க டீச்சர். நான் இன்னும் அவ முகத்தையே சரியாப் பாக்கல."

ஆனி மாதம் மீனாவைக் கூட்டிக்கொண்டு போனாள். தருண் முதலில் கதவுப் பக்கமே நின்றான். மீனா அவனிடம் போய், மட்டையை எனக்கும் கொடு என்று தகராறு செய்தாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் இரண்டு பேருடைய சத்தமும் கேட்டது.